பேராண்டி என்கிற பட்டா

அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ அரசோடு நேருக்குநேர் மல்லுக்கு நின்றது. 2024இல் வந்த அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’யைக் கேட்ட தஞ்சாவூர் நண்பர்கள், “கோபம் கொறைஞ்சு போச்சே, பாட்டியப் பாட ஆரம்பிச்சுட்டாரு” என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

அவர் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அத்தோட்டங்களுக்குக் கூலியாட்கள் போன மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. இங்கே பாட்டன் பெயர் நிலைத்தது மிராசுதாருக்குத்தான்: பட்டாவில், கோயில் கல்லில். நாற்று நட்டவள் பாட்டு இருக்கிறது, பாடியவள் பெயர் இல்லை. 1968 கீழவெண்மணிகூட நம்மில் பலருக்கு 44 என்ற எண்தான்.

2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் பரவியபோதும், அதை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய அறிவின் முகம் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் விடுபட்டுப்போனது. ஆகவே ‘நான் இன்னாரின் பேரன்’ என்று தலைப்பிலேயே அறிவிப்பதை வெறும் பாசமாக வாசிக்க முடியாது. நிலமற்றவர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் பட்டா அது.

ஆபத்தும் உண்டு. பாட்டி குறியீடாகி, அவள் வாங்காத கூலி மறந்துபோனால் மிஞ்சுவது பழம்பெருமைதான். ஆனால் நம்மூர் ஒப்பாரியில் முறைசொல்லி அழுகிறவள், அழுகையின் நடுவிலேயே நியாயமும் கேட்பாள். கோபம் குறையவில்லை, முறைசொல்லிக் கேட்கப் பழகியிருக்கிறது.