மெலாவத்திக் கோட்டையும் மாணாக்கர் கட்டுரைகளும்

ஷா ஆலமுக்கு வடமேற்கே, சிலாங்கூர் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் மெலாவத்திக் குன்று நிற்கிறது. பழைய கோட்டை இருந்த அக்குன்று இன்று பொதுமக்கள் உலாவும் பூங்கா. பீரங்கிகள், அரசர் அடக்கத்தலம், கலங்கரை விளக்கம், குரங்குக் கூட்டம் ஆகியவற்றைக் கண்டுவரும் மாணாக்கர் பயணக் கட்டுரை எழுதுவது வழக்கம். ‘இது டச்சுக்காரர் கட்டிய கோட்டை’ என்று அவற்றுட் பல தொடங்குகின்றன. இது பிழை.

உண்மை யாது? டச்சுக்காரர் வருமுன்னரே சிலாங்கூர் ஆட்சியாளர் அமைத்த அரண் இது. ஈய வணிகத்தைத் தம் கைக்குள் அடக்க முயன்ற டச்சுக்காரரை எதிர்த்து ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டபோது, சுல்தான் இப்ராகிம் துணை நின்றார். 1784இல் ராஜா ஹாஜி போரில் வீழ்ந்தார்; அவ்வாண்டே டச்சுப் படை இக்கோட்டையைப் பற்றியது. பகாங்குக்கு நீங்கிய சுல்தான் 1785இல் திரும்பிவந்து அதனை மீட்டார். ஆக, அயலார் கையில் அது இருந்தது ஓராண்டளவே.

பின் பிழை எங்ஙனம் நேர்ந்தது? பெயரால் நேர்ந்தது. பத்தாவியாவிலிருந்த டச்சுத் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் கோட்டைக்கு ‘ஆல்டிங்ஸ்பர்க்’ எனப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் காலத்தில், 1907இல், எழுந்த கலங்கரை விளக்கம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஓராண்டு குடியிருந்தவன் பெயர் வீட்டுக்காரன் பெயரை மறைத்துவிட்டது! மலாக்காக் கோட்டை வாயிலிலும் இத்தகைய மயக்கம் உண்டு. அங்குக் காணும் 1670 என்னும் ஆண்டு டச்சுக்காரர் செப்பனிட்ட ஆண்டேயன்றி, போர்த்துக்கீசியர் கட்டிய ஆண்டன்று.

இதனைச் சிறு பிழையென ஒதுக்கலாகாது. காடழித்துத் தோட்டம் கண்டவர் நம் பாட்டன்மார். பலகையில் ஏறியதோ துரைமாரின் பெயர். உழைத்தவன் பெயர் மறைவதன் கேட்டை அறிந்த நாமே, பிறர் உழைப்பை அயலார் கணக்கில் எழுதலாமா?

இக்கட்டுரைகளின் மற்றொரு குறை, பொருள்களை அடுக்கிவிட்டுக் காரணத்தை விடுவது. ‘கண்டோம், களித்தோம், உண்டோம், மீண்டோம்’ என்பது கட்டுரையாகாது. கோட்டை ஏன் இக்குன்றின்மேல் நிற்கிறது? உள்நாட்டு ஈயம் ஆற்றுவழியே இறங்கியது. ஆற்றின் வாயைக் காத்தவனே அவ்வணிகத்தையும் காத்தான். குன்றின்மேல் நின்று ஆற்றையும் கடலையும் ஒருசேர நோக்கும் சிறுவனுக்கு இது எளிதில் விளங்கும்.

ஆதலின், மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மூன்று வினாக்களை முன்னரே கொடுத்தல் நன்று: கட்டியவர் யார்? எதனைக் காக்கக் கட்டினர்? இப்பெயரை இட்டவர் யார்? இவற்றுக்கு விடை தேடிய பின் குரங்குகளைப் பற்றியும் எழுதட்டும், தடையில்லை.