யொஹானியைக் காட்டாதீர்கள்

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் மறுபடி பாடும் கவர் பாடல்களைப் பற்றி ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ வாய்திறந்து குறை சொன்னால் உடனே ஒரு பெயரை எடுத்து முன்னால் வைக்கிறார்கள்: இலங்கையின் சிங்களப் பாடகி யொஹானி. 2021இல் அவர் பாடிய 'மணிகே மகே ஹிதே' கவர்தானே, அமிதாப் பச்சன் வரைக்கும் போய்ச் சேரவில்லையா, எங்கள் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்பது வாதம். பிள்ளைகள் பாவம் எதுவும் செய்யவில்லை. வாதம்தான் பிழை.

அந்தப் பாட்டை 2020இல் முதலில் பாடியவர் சதீஷன் ரத்னாயக்க. இசை சமத் சங்கீத். எழுத்து துலான் ஏஆர்எக்ஸ். யொஹானி பாடியபோது சதீஷனும் சேர்ந்தே பாடினார். பாட்டுக்காரர்கள் சம்மதித்து, தம் தாய்மொழியில், தம் நாட்டு மெட்டைக் கைமாற்றிக்கொண்டார்கள். நம்மூர் இளைஞர் செய்வது வேறு. சென்னையில் பிறந்த மெட்டு, யாரோ செய்து இணையத்தில் போட்ட கரோக்கி, அதன்மேல் ஒரு குரல். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மும்பைப் படவுலகமும் யொஹானியிடம் இந்தப் பாட்டையே கேட்டது. 2022இல் 'தேங்க் காட்' படத்துக்கு அதே பாட்டைத்தான் இந்தியில் பாட வைத்தது.

கவரில் நன்மையே இல்லை என்று யார் சொன்னது? பாட்டுக் கற்பது போலச்செய்வதில்தான் தொடங்குகிறது. இந்தி மெட்டுகளைச் சிங்களத்தில் பாடிய எச். ஆர். ஜோதிபாலவைப் பண்டிதர்கள் எவ்வளவு இகழ்ந்தும் சனங்கள் கைவிடவில்லை. 1987இல் அவர் இறந்தபோது கொழும்பில் திரண்ட கூட்டமே சாட்சி. கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில் கேட்ட பாட்டை மறுபடி கேட்கச் சபை ஆசைப்படுவதும் இயல்பே. இதெல்லாம் சரி.

ஆனால் கவரால் உயர்ந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆனது? 'சொஃப்ட் செல்' என்ற பிரித்தானிய இரட்டையர் 1981இல் 'டெயின்டட் லவ்' பாடலால் உலகப் புகழ் பெற்றார்கள். எட் கொப் எழுதி குளோரியா ஜோன்ஸ் பாடிய பழைய பாட்டு அது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் தங்கள் சொந்தப் பாட்டொன்றைப் போட்டிருந்தாலாவது எழுதியவருக்கான பங்கு கிடைத்திருக்கும். அங்கும் இன்னொருவர் பாட்டையே போட்டார்கள். இலட்சக்கணக்கில் விற்ற தட்டில் பாட்டெழுதியவருக்குரிய பணம் ஒரு சதமும் அவர்களுக்கு வரவில்லை. 'வெட் வெட் வெட்' குழுவின் கதை வேறு விதம்: 1994இல் அவர்கள் பாடிய பழைய பாட்டு பிரித்தானியப் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது, கடைசியில் அலுத்துப்போய்த் தாங்களே அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ராவுக்கு 'மை வே' பிடிக்கவே இல்லை என்று அவர் மகளே சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு மெட்டுக்குப் போல் அங்கா ஆங்கிலச் சொற்கள் எழுதிக் கொடுத்த பாட்டு அது. மேடையை விடும்வரை சபை அவரிடம் அதைத்தான் கேட்டது.

பணத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. யூடியூபில் விளம்பரக் காசு பாட்டின் உரிமைக்காரருக்குப் போகும், சில வேளை காணொளியே முடக்கப்படும். நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அடி வாங்கியவர்கள் அதைத் தாங்களே கற்றுக்கொள்வார்கள். என் குறை வேறு. நெடுநாளாகச் சொல்லிவருவதுதான்: கவர் பாடுகிறவர் தன் ஊர்ப் பேச்சுக்கு மெட்டுத் தேடும் வேலையைச் செய்யாமலே பாடகர் ஆகிவிடுகிறார்.

அந்த வேலை சின்ன வேலை அல்ல. எங்கே இழுப்பது, எந்தச் சொல்லில் மூச்சுவிடுவது, எந்த அசையில் தாளம் விழுவது என்பதைப் பேச்சே தீர்மானிக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையின் பேச்சுக்குத் தனியான ஓட்டம் உண்டு. வயல்வட்டைப் பரணில் காவலிருந்தவர்கள் நீட்டிப் பாடிய கவியில் அது இருக்கிறது. பொல்லடியிலும் வசந்தன் பாட்டிலும் றபானோடு வரும் பாட்டிலும் இருக்கிறது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கித் தந்தார். கவர் பாடும் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்?

கரோக்கியில் சுருதியும் வேகமும் முன்கூட்டியே கட்டப்பட்டவை. அடித்தொண்டையில் அழகாக ஒலிக்கும் பிள்ளை மேல்தாயிக்கு ஏறிக் கத்துகிறது. அதைவிட மோசம் உச்சரிப்பு. வீட்டில் 'காற்று' என்று நம் முறையில் சொல்லும் வாய், மைக் முன்னால் வந்ததும் 'காட்ரு' என்கிறது. மூலப் பாடகர் எங்கே மூச்சிழுத்தாரோ அங்கேயே இவரும் இழுக்கிறார். பத்து வருடம் இப்படிப் பாடிய குரல் யாருடைய குரல்? கடுமையாகத் தோன்றலாம், இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பத்து வருடமும் வீண்.

நாட்டார் பாட்டை இப்போது யார் கேட்பார்கள் என்று சலிப்பவர்களுக்கு 1970களை நினைவூட்டுகிறேன். நம் பொப் பாடகர்கள் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரும் பைலாத் தாளமும் கொண்டுதான் பாடினார்கள். பாட்டில் இருந்ததோ நம் வீட்டு மாமியும் நம் தெருப் பேச்சும். மனோகரன் பாடிப் பரவிய 'சுராங்கனி'யை 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா எடுத்தாண்டார். அன்று சென்னை நம்மைக் கவர் பாடியது. நம்மிடம் எடுக்க ஏதோ இருந்தது என்பதுதான் காரணம். இன்றைய நம் காணொளிகளில் சென்னைக்காரர் எதை எடுப்பார்? தன் பாட்டையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிங்களத்திலும் இந்தச் சண்டை நடந்தது. இந்தி மெட்டுக்குள் சிங்களச் சொற்களைத் திணித்த காலத்தில் ஆனந்த சமரக்கோனும் சுனில் சாந்தவும் சிங்களச் சொல்லுக்கேற்ற மெட்டைத் தேடினார்கள். 1952இல் இந்தியப் பண்டிதர் ரத்தன்ஜங்கரின் குரல்தேர்வுக்குப் போக மறுத்த சுனில் சாந்த வானொலியை இழந்தார், வருமானத்தை இழந்தார். ஆனாலும் சிங்களப் பாட்டின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

பாடும் பிள்ளைகளைவிடப் பாட வைக்கிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். மேடையைக் கொடுப்பது கோயில் திருவிழாக் குழு, பாடசாலை, கலாசார விழா நடத்தும் பிரதேச செயலகம். போட்டியில் சினிமாப் பாட்டை அச்சொட்டாகப் பாடியவருக்கே முதற்பரிசு தருகிறார்கள். அடுத்த முறை பாடகரை அழைக்கும்போது, இந்த ஊர்ப் பேச்சில் சொந்தமாக மெட்டமைத்த ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அந்தப் பாட்டுக்குத் தனியாகக் காசு கொடுங்கள்.