‘முடிவுகள் எதுவும் இல்லை’

கறம்பக்குடித் தம்பி ஒருவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலை வாசிக்கக் கொடுத்திருந்தார். ஊர்ப்பக்கத்து வாய்மொழிக் கதைகள் பற்றிய ஆய்வு. நல்ல நடை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இடறியது: இப்பகுதி குறித்து இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை.

“எப்படிப்பா இவ்வளவு உறுதியா எழுதினே?”

“எல்லா நூலகத்தையும் ஒரே பெட்டியில தேடுற வசதி இருக்குல்லண்ணே. ஊர்ப் பேரைப் போட்டேன், ஒண்ணும் வரல.”

அவர் எதிரிலேயே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் வேறு மாதிரி அடித்தேன். இரண்டு பதிவுகள் வந்தன. ஒன்று அவர் படித்தே ஆகவேண்டியது.

இந்தப் பெட்டிகளைக் குறை சொல்வது நன்றிகெட்ட வேலை என்று தெரியும். கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகம் 2018இல் நாட்டுக்குத் திறந்துவிடப்பட்டபோது, பல்கலைக்கழகமே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். இன்ஃப்லிப்நெட்டின் சோத்கங்காவில் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். என் சண்டை வசதியோடு இல்லை. அந்த வசதி காட்டும் வெறுமையை நாம் நம்பிவிடுகிறோமே, அதோடுதான்.

ஒரே பெட்டியில் தேடுவதற்கு இரண்டு வழி உண்டு. நம் கேள்வியை ஒவ்வொரு தளத்துக்கும் அப்போதே அனுப்பிக் காத்திருப்பது ஒன்று. இதில் தாமதமாகப் பதில் சொல்லும் தளம் விட்டுப்போகும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. எல்லாத் தளங்களின் நூல் விவரங்களையும் முன்கூட்டியே திரட்டி ஒன்றாக அடுக்கிவைப்பது மற்றது. இது வேகமானது. ஆனால் ஒவ்வொருவரும் எழுதிய விதம் வேறு. தமிழுக்கு அடி விழுவது இங்கேதான்.

புதுமைப்பித்தன் பெயரிலுள்ள ‘து’வுக்கு நாம் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தைப் போடுவோம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி எழுதுபவர்கள் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து. இருபதாம் எழுத்தைப் போடுவார்கள். கறம்பக்குடியின் ‘ப’வும் ‘டி’யும் இப்படியே இடம் மாறும். வல்லின றகரத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு. சொ. விருத்தாசலம் என்று தேடுபவருக்குப் புதுமைப்பித்தன் வரவேண்டுமானால், இருவரும் ஒருவரே என்று யாராவது ஒரு நூலகர் முன்பே பதிந்திருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேடுகளோ இன்னும் மோசம்: கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை.

இத்தனைக்கும் பெட்டி சொல்வது ஒரே வாக்கியம்: முடிவுகள் எதுவும் இல்லை. ‘நீ எழுதியபடி என்னிடம் இல்லை’ என்பதுதான் அதன் பொருள். நாமோ ‘உலகத்திலேயே இல்லை’ என்று படிக்கிறோம், ஆய்வேட்டிலும் அப்படியே எழுதிவிடுகிறோம். முன்னால் உழைத்தவர் ஒருவர் அந்த ஒரு வரியில் காணாமல் போகிறார்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூலகம். ஒரு புத்தகம் கேட்டுப் போனால் பக்கத்துத் தட்டில் இருப்பதும் கண்ணில் படும். எழுத்துப் பிழைக்காக யாரும் நம்மைத் திருப்பி அனுப்புவதில்லை. கறம்பக்குடியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

தம்பி போன வாரம் பேசினார். ஊர்ப் பெயருக்கு ஒன்பது எழுத்துக்கூட்டல் சேர்த்திருக்கிறாராம். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, எந்தத் தளங்களில், எந்தெந்தச் சொல்லால், எந்தத் தேதியில் தேடினார் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

“கைடு அது நீளமா இருக்கு, எடுத்துடுன்னு சொல்றாருண்ணே.”