‘முன்னோர் மருத்துவ’மும் திருமுக்கூடல் கல்வெட்டும்

நோயொன்றின் பெயரைத் தமிழில் இணையத்தில் தேடும் உத்திரமேரூர் வாசகருக்குக் கிடைக்கும் பதிவுகள் பல, ‘நம் முன்னோர் கண்ட மருந்து’ என்றே தொடங்குகின்றன. அம்முன்னோர் யார், மருந்தின் அளவு யாது, எவர்க்கு ஆகாது என்பன அவற்றில் இடம்பெறுவதில்லை.

முன்னோர் அவ்வாறு எழுதியவர் அல்லர். அவ்வூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு), வீரசோழன் என்னும் ஆதுலர்சாலைக்கு 15 படுக்கைகளை வகுக்கிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனைப் பெயர் சுட்டுகிறது. சல்லியக் கிரியை செய்வோன், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்கு ஊதியம் குறிக்கிறது. தசமூல அரீதகி உள்ளிட்ட மருந்துகளின் ஓராண்டு இருப்பை அளவோடு பட்டியலிடுகிறது.

இச்சாலை கோயிற் பணியாளர்க்கும் அங்குக் கற்றோர் கற்பித்தோர்க்கும் உரியது. இணையமோ எல்லார்க்கும் திறந்தது. அம்மருந்துகள் நோய் தீர்த்தன என்பதற்கும் கல்வெட்டு சான்றாகாது. அது காட்டுவது பொறுப்பு ஒன்றையே.

பொறுப்பின்மையின் விலை சிறிதன்று. 2018இல் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே மகப்பேறு நிகழ்த்தியதில் ஓர் இளந்தாய் இறந்தார். குருதிப்போக்கு மிகுந்தபோது அருகில் மருத்துவர் இல்லை.

கணக்குக் காட்டாதவர் வாரியத்திற்கு ஆகார் என்பது முதற்பராந்தகன் கால உத்திரமேரூர்ச் சபையின் விதி. நலவாழ்வு எழுத்திற்கும் அதுவே அளவுகோலாகத் தக்கது. எழுதியவர் பெயர், தகுதி, மருந்தளவு, நாள் ஆகியவற்றைக் காட்டாத பதிவு, முன்னோரைத் துணைக்கு அழைத்தாலும் ஏற்கத்தக்கதன்று.