களத்தில் இறங்கிய நாயகன்

'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' தொடரின் மூன்றாம் பாகம் 1999இல் வந்தது. அதை இன்றும் விடாமல் ஆடுகிறார்கள். நான்காம் பாகம் 2002இல் வந்தது. அதைப் பற்றி இன்றும் விடாமல் சண்டை போடுகிறார்கள். மிகுபுனைவு வியூக விளையாட்டுகளில் ஒரு தொடர்பாகம் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆராய விரும்புபவருக்கு, வென்ற மூன்றாம் பாகத்தைவிடச் சறுக்கிய நான்காம் பாகமே அதிகம் கற்றுத்தருகிறது.

ஜான் வான் கேனஹெம் நிறுவிய நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் 1990இல் 'கிங்ஸ் பவுன்டி'யை வெளியிட்டது. அதன் வாரிசாக 1995இல் இத்தொடர் பிறந்தது. அடிப்படை எளியது. வரைபடத்தில் நாயகனை நகர்த்திச் சுரங்கங்களைப் பிடிக்க வேண்டும். கிடைத்த வளத்தில் கோட்டையைக் கட்டி, படை வாங்கி, முறைவைத்துப் போரிட வேண்டும். முதல் மூன்று பாகங்களிலும் நாயகன் போர்க்களத்தின் ஓரத்தில் நின்று மந்திரம் ஏவுவான். யாரும் அவனைத் தொட முடியாது. சதுரங்கம் ஆடுபவர் பலகைக்கு வெளியே உட்கார்ந்திருப்பது போல.

நான்காம் பாகம் அவனைப் பலகைக்குள் இறக்கியது. அவனும் வாள் வீசினான், அடிபட்டான், செத்தான். இந்த ஒரு மாற்றத்தால் நாயகனை வளர்ப்பதற்குப் புதிய சுவை வந்தது. ஒன்பது முதன்மைத் திறன்களில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். எவற்றைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அவனுடைய வகுப்பே மாறும். ஆனால் அதே மாற்றம்தான் சமநிலையையும் உடைத்தது. தொடக்கத்தில் எளிதில் விழுகிற நாயகன், போர்த்திறனும் மந்திர எதிர்ப்பும் உச்சத்தை எட்டியபின் தனியாளாகவே பெரும்படைகளைத் தீர்த்துக்கட்டினான். கையில் சாகாவரம் தரும் மருந்துக் குப்பிகளும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படை திரட்டுவதை உயிராகக் கொண்ட விளையாட்டில் படையே தேவையில்லாமல் போயிற்று.

மற்றச் சீர்திருத்தங்களுக்கும் இதே கதைதான். மூன்றாம் பாகத்தில் நாயகன் இல்லாமல் படை ஓர் அடி நகராது. அதனால் படையைக் கைமாற்றிக் கடத்துவதற்கென்றே உதவி நாயகர்களை வரிசையாக நிறுத்திவைக்க வேண்டும். நான்காம் பாகத்தில் படை தானே நடந்தது. வண்டித்தொடர் அமைத்துத் தொலைவிலுள்ள கோட்டைக்கு வீரர்களை வரவழைக்கவும் முடிந்தது. சலிப்பான வேலை ஒழிந்தது, உண்மைதான். கூடவே, படைக்கு வாங்கும் உயிரினங்கள் வாரம் ஒருமுறை பெருகுவதற்குப் பதிலாக நாள்தோறும் பெருகத் தொடங்கின. வாரம் பிறப்பதற்குள் இந்தக் கோட்டையைப் பிடித்துவிட வேண்டும் என்ற பதைப்பு மறைந்தது. அந்தப் பதைப்புதான் பழைய விளையாட்டின் தாளமாக இருந்தது.

மூன்றாம் பாகத்தில் ஒவ்வொரு கோட்டையிலும் உயிரினங்களுக்கு ஏழு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் மேம்படுத்தப்பட்ட வடிவம் ஒன்று உண்டு. நான்காம் பாகத்தில் நிலைகள் நான்குதான். இரண்டாம் நிலையிலிருந்து இரண்டு உயிரினங்களில் ஒன்றை எடுத்தால் மற்றதைக் கைவிட வேண்டும். முடிவெடுப்பதற்கு எடை கூடியது. படையின் வண்ணம் குறைந்தது.

ஐயமின்றிப் பாராட்ட வேண்டியவை கதையும் இசையும். அர்மகெடன் வாளும் பனிவாளும் மோதியதில் பழைய உலகம் அழிகிறது. தப்பியவர்கள் ஆக்சியோத் என்ற புதிய நிலத்தில் குடியேறுகிறார்கள். பாதி செத்தவனான கால்டோத் என்ற சவமந்திரவாதியின் படலம் இந்த வகை விளையாட்டில் அரிதாகக் காணும் பாத்திரப் படைப்பு. பால் ரொமேரோ குழுவின் இசையை விளையாட்டைத் திட்டுபவர்களும் விரும்பிக் கேட்கிறார்கள்.

கணினி எதிராளி மந்தமாக இருந்ததையும், பலர் சேர்ந்து ஆடும் வசதி வெளியீட்டின்போது இல்லாததையும் எந்தக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த முடியாது. அவை முடிக்கப்படாத வேலைகள். வெளியிட்ட 3டிஓ நிறுவனம் அப்போது நிதி நெருக்கடியில் இருந்தது. 2003இல் அது திவாலானது. தொடரின் உரிமையை யுபிசாஃப்ட் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது.

அடுத்து 2006இல் நிவல் உருவாக்கிய ஐந்தாம் பாகம் பின்வாங்கியது. நாயகன் மீண்டும் களத்தின் ஓரத்துக்குப் போனான். ஆனால் நான்காம் பாகத்தின் யோசனைகள் அதோடு மடிந்துவிடவில்லை. வண்டித்தொடர் ஐந்தாம் பாகத்தின் முதல் விரிவாக்கத்திலேயே திரும்பியது. 2007இல் வந்த 'ட்ரைப்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்' ஒவ்வொரு உயிரினத்துக்கும் இரண்டு மேம்பாட்டு வடிவங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 2015இல் வந்த ஏழாம் பாகமும் உச்சநிலை உயிரினங்களில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தது.

ஆக, நான்காம் பாகத்தின் யோசனைகளில் பல நல்லவையே. வியூக விளையாட்டில் விதிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை உருவினால் அது தாங்கியிருந்த மற்றதற்கு வேறு முட்டுக் கொடுத்தாக வேண்டும். நியூ வேர்ல்ட் பல விதிகளை ஒரே நேரத்தில் உருவியது. முட்டுக் கொடுத்து முடிக்கும் முன்பே பெட்டி கடைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதே யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பிழைத்தார்கள்.