மாடியில் வைத்த வாசல்

நார்மன்கள் இங்கிலாந்தில் எழுப்பிய கற்கோபுரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தரைத்தளத்தில் வாசல் கிடையாது. கீழே சரக்கறை, முதல் மாடிக்கு ஏறித்தான் உள்ளே போக வேண்டும். மண்மேட்டு மரக்கோட்டைகளிலும் உச்சிக்கு ஏறிப் போகும் பாலம்தான் வழி. கல்லுக்கு மாறியபோதும் அந்த யோசனை தொடர்ந்தது.

1127-இல் தொடங்கிய ராச்செஸ்டர் கோபுரத்தில் படிக்கட்டு வடமேற்கு மூலையைச் சுற்றி ஏறும். நடுவே ஒரு பள்ளம், அதன்மேல் தூக்குப்பாலம். பிறகு முன்கட்டு. கடைசியில் மேலிருந்து இறங்கும் தடுப்புக் கதவு. பத்துப் பேர் பெரிய மரத்தைத் தூக்கி ஓடி வந்து கதவை இடிக்க இங்கே இடமே இல்லை. திடீர்த் தாக்குதலுக்கு இதைவிட நல்ல பதில் அந்தக் காலத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் 1215-இல் முற்றுகையிட்ட ஜான் மன்னரின் ஆட்கள் கோபுரத்தை உடைத்தது அந்தப் படி வழியே அல்ல. தென்கிழக்கு மூலையின் அடியைத் தோண்டி, மரமுட்டு கொடுத்து, அந்த முட்டுகளைக் கொளுத்தினார்கள். நெருப்புக்காகக் கொழுத்த பன்றிகள் 40 அனுப்பச் சொல்லி மன்னர் நவம்பர் 25 அன்று ஆணையிட்டார். சாப்பாட்டுக்கு உதவாதவையாகப் பார்த்து அனுப்பச் சொன்ன சிக்கனமும் அந்த ஆணையில் உண்டு! மூலை சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் அதற்குப் பிறகும், கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவருக்குப் பின்னால் நின்று போராடினார்கள். கடைசியில் பணிய வைத்தது பசிதான். பேர்பெற்ற வாசலைவிட, அதிகம் பேசப்படாத அந்த நடுச்சுவர்தான் கூடுதலாக உழைத்தது.

வாசல் கடினமானால் எதிரி வேறு இடம் தேடுவான். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். உண்மையான குறை, ஒரே வழி உள்ளிருப்பவர்களையும் அடைத்துவிடுவது. படியின் அடியில் எதிரி சிலரை நிறுத்திவிட்டால் போதும். வெளியே பாய்ந்து சுரங்கம் தோண்டுகிறவர்களை விரட்ட முடியாது. இத்தகைய வாசலுக்குக் காவல் மட்டுமே வேலை என்றும் சொல்ல முடியாது. காசில் ரைசிங் போன்ற கோட்டைகளில் முன்கட்டின் சுவரெல்லாம் அலங்கார வளைவுகள். விருந்தாளியை மலைக்க வைப்பதும் அதன் வேலையாக இருந்திருக்கும்.

ராச்செஸ்டர் பணிந்த அடுத்த ஆண்டே டோவர் கோட்டை வேறொரு பாடம் படித்தது. அங்கே வடக்கு மதிலில் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே வாசல். பிரெஞ்சு இளவரசர் லூயியின் ஆட்கள் சுரங்கம் தோண்டி ஒரு கோபுரத்தைச் சாய்த்தார்கள். காவலர்கள் அந்த இடைவெளியை மரங்களைப் போட்டு அடைத்துத் தாக்குப்பிடித்தார்கள். பின்னர் அந்த வாசலை நிரந்தரமாக மூடிவிட்டு மேற்கே புதிதாக ஒன்று கட்டினார்கள். மூடிய இடத்தின் அடியில், காவலர்கள் வெளியே பாய்வதற்கென்றே நிலத்தடி வழி வெட்டினார்கள். உள்ளே வருவதற்கு ஒரு வழி, வெளியே போய் அடிப்பதற்கு வேறு வழி. ராச்செஸ்டர் கோபுரத்தில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது வழிதான்.