தத்துவ போதகரின் தமிழும் சேலம் பயணமும்

ராபர்டோ டி நொபிலி (1577 - ஜனவரி 16, 1656) இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. தமிழ்நாட்டில் தத்துவ போதகர் என அழைக்கப்பட்டார். அவர் தமிழ் கற்ற விதம் பெரிதும் பாராட்டப்படுகிறது. அந்தத் தமிழ் யாரைச் சென்றடைந்தது என்ற கேள்விக்கு அவருடைய சேலம் பயணம் விடை தருகிறது.

பின்னணி

நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் அங்கே பரதவக் கிறிஸ்தவர்களிடையே பணியாற்றிக்கொண்டிருந்தார். உள்ளூர் மக்கள் கிறிஸ்தவத்தைப் பரங்கி மார்க்கம் என விலக்கினர். நொபிலி காவி உடுத்தி, மாமிசம் தவிர்த்து, தனியே தங்கினார். தமிழுடன் தெலுங்கும், சிவதர்மர் என்ற பிராமணரிடம் சம்ஸ்கிருதமும் கற்றார். இதனால் எழுந்த விவாதம் ரோம் வரை சென்றது. ஜனவரி 31, 1623 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தார்.

சேலம் பயணம்

அதே ஆண்டு நொபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டார். இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து சேலம் சென்றார். இப்பகுதியின் ஆட்சியாளர்கள் தெலுங்கு பேசுபவர்கள். நொபிலியின் மொழியறிவும் துறவிக்கோலமும் அவர்களுடன் உரையாட வழிவகுத்தன. ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் அதே கோலத்தில் அவர் சேரிக்குள் வெளிப்படையாகச் செல்ல இயலாது. சென்றால் உயர்சாதியினர் அவரை ஏற்கமாட்டார்கள்.

உரைநடை

1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இறைவனைத் தம்பிரான் என்றது. நொபிலி 'சர்வேசுரன்' என்ற சொல்லைக் கையாண்டார். வேதம், குரு, பூசை போன்ற சொற்களுக்குக் கிறிஸ்தவப் பொருள் தந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம் முதலிய நூல்களில் மறுதரப்பின் கொள்கையை எடுத்துரைத்து, தர்க்கத்தால் மறுக்கிறார். பெரிதும் செய்யுளிலேயே தத்துவம் பேசப்பட்ட காலத்தில் தமிழ் உரைநடையைத் தத்துவ விவாதத்துக்குப் பயன்படுத்தியது அவருடைய முதன்மைப் பங்களிப்பு. வடசொற்கள் மிகுந்த அந்நடை, சாஸ்திரப் பயிற்சி உள்ளவரையே முன்னிலையாகக் கொண்டது. உழவரும் கைவினைஞரும் பேசிய மொழி அதில் குறைவு.

மதிப்பீடு

நொபிலி ஒரு பண்பாட்டை உள்ளிருந்து அறிய முயன்றார். ஆசிரியராக வந்தவர் மாணவராக அமர்ந்தது அக்கால ஐரோப்பியரிடம் அரிது. எனினும் அவர் நுழைந்தது பண்பாட்டின் மேல்தளத்தில். சாதியை அவர் சமூக வழக்கம் என வகுத்து, சமயத்திலிருந்து பிரித்தார். அதன்மூலம் சாதி வேற்றுமை திருச்சபைக்குள்ளும் இடம்பெற வழி உண்டாயிற்று. 1640-ல் பண்டாரசாமிகள் என்னும் தனி முறை தொடங்கப்பட்டது. பல்தசார் டா கோஸ்டா அதன் முன்னோடி. பண்டாரசாமிகளால் எல்லாச் சாதியினருடனும் பழக முடிந்தது. இம்முறைக்கு நொபிலியின் ஆதரவும் இருந்தது. தன் வழி அனைவரையும் எட்டவில்லை என்பதை அவரும் உணர்ந்திருந்தார் என்றே இதிலிருந்து கொள்ளலாம்.